அந்தப் பச்சை வரைபடத்துக்குப் பின்னால்

112. திரையில் இந்த எண்ணைப் பார்த்ததும் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். லேப்டாப்பிலிருந்து வீட்டு சர்வருக்கு ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்கிறோம். விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து பச்சை நிறத்தில் வரைபடம் போடுகிறது. அதில் நொடிக்கு 112 மெகாபைட் என்று வந்து, கோடும் ஆடாமல் அசையாமல் நேராகப் போனால், ஆஹா! வீட்டில் ஓடும் ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு சிப்பும், சுழலும் ஒவ்வொரு தட்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

பல வீடுகளில் அந்த எண் 11-லேயே நின்றுவிடுகிறது. அல்லது 112-ல் கிளம்பி, ஒரு நிமிடத்துக்குள் தொப்பென்று விழுகிறது. "சர்வர் ஸ்லோவா இருக்கு, புது டிஸ்க் வாங்கணும்" என்று உடனே பணத்தை எடுக்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுக்க வேண்டும். கோளாறு எந்த இடத்தில் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்! எப்படிச் சொல்கிறது என்று பார்க்க, ஃபைல் போகும் வழியெல்லாம் அதன் கூடவே போவோம், வாருங்கள்.

முதலில் 112 எங்கிருந்து வந்தது? இந்தக் கணக்கு எனக்கு அலுக்கவே அலுக்காது. ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 100 கோடி பிட் ஓடும். எட்டால் வகுத்தால் 12.5 கோடி பைட். நம் ஃபைல் முழுசாகப் பயணம் செய்வதில்லை. பெரும்பாலும் 1,448 பைட் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் போக வேண்டிய முகவரி, வரிசை எண், சரிபார்ப்பு எண், அடுத்த துண்டுக்கு முன் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்ந்து 90 பைட் கூடுகிறது. ஆக, கம்பியில் 1,538 பைட் இடம் பிடித்தால் அதில் நம்முடையது 1,448 மட்டுமே. அந்த விகிதத்தில் 1000 மெகாபிட், 941 மெகாபிட்டாகச் சுருங்குகிறது. அதையே பைட்டாக்கி, விண்டோஸ் எண்ணுகிற மாதிரி ஒரு மெகாபைட்டுக்கு 10,48,576 பைட் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். 112! காணாமல் போன ஒவ்வொரு பைட்டுக்கும் இங்கே கணக்கு இருக்கிறது. சில அமைப்புகளில் துண்டு 1,460 பைட்டாக இருக்கும். அப்போது 113 வரும்.

இனி 11. எனக்கு ரொம்பப் பிடித்த கோளாறு இது. நெட்வொர்க் கேபிளின் மேல்தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கிக் கிடக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன். பழைய 100 மெகாபிட் முறைக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். 1999-ல் தரநிலையாக வந்த ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் கட்டாயம் வேண்டும். இரண்டு முனைகளும் 'நீ எந்த வேகம், நான் எந்த வேகம்' என்று பேசி ஒப்புக்கொள்வதோ ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில்தான்! அதனால் நீலக் கம்பி ஒன்று அறுந்திருந்தாலும் பேச்சுவார்த்தை நல்லபடி முடிகிறது; ஜிகாபிட்டில் கிளம்பப் பார்த்தால் முடியவில்லை. பெரும்பாலான சிப்புகள் அப்போது சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிக்கொள்ளும். எச்சரிக்கை இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. இன்டர்நெட் ஓடுகிறது, டிவியில் படம் தங்குதடையின்றி வருகிறது. யாருக்கும் சந்தேகமே வராது. ஒரு நாள் 50 ஜிபி கல்யாண வீடியோவை சர்வருக்கு ஏற்றும்போதுதான், எட்டு நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை ஒன்றேகால் மணி நேரம் இழுக்கிறது.

அலமாரிக்குப் பின்னால் மடங்கி நசுங்கிய கேபிள், கிளிப் உடைந்து லொடலொடக்கும் பிளக், சரியாக க்ரிம்ப் செய்யாத முனை ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். சில ஃபைபர் மோடங்களில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100 மெகாபிட் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் நெட்வொர்க் செட்டிங்ஸில் இணைப்பு வேகம் 100/100 என்று இருந்தால், சர்வரைத் தொடவே வேண்டாம். கேபிளை மாற்றுங்கள், போர்ட்டை மாற்றுங்கள்.

வைஃபையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்று ஒன்றுதான், ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கருவிதான் பேச முடியும். சர்வரும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் அந்தக் காற்றை இருமுறை கடக்கிறது, வேகம் பாதியாகிறது. சர்வருக்குக் கம்பி போடுங்கள்.

வழி சரியா, சர்வர் பெட்டி சரியா என்று பிரித்துப் பார்க்க ஓர் அருமையான இலவசக் கருவி இருக்கிறது: ஐபெர்ஃப்3. டிஸ்க்கைத் தொடாமல் ஒரு இயந்திரத்தின் ராமிலிருந்து இன்னொன்றின் ராமுக்கு டேட்டாவைக் கொட்டும். அதில் 941 வந்துவிட்டால் கம்பி, ஸ்விட்ச், போர்ட் எதன்மேலும் குற்றமில்லை. அந்த 941 பளிச்சென்று திரையில் வரும் நொடிக்காகவே இதை ஓடவிட்டுப் பார்க்கலாம்!

இப்போது பெட்டிக்குள். வந்து சேரும் டேட்டா உடனே டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை. முதலில் ராமில் இறங்குகிறது. சர்வரில் ஓடுவது லினக்ஸ் என்றால், வழக்கமான அமைப்பில் மிச்சமிருக்கும் ராமில் சுமார் 20 சதவீதம் வரை எழுதாத டேட்டாவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் மேற்கொண்டு எழுத விடாமல் தடுத்துவிடும். 8 ஜிபி ராம் உள்ள சர்வரில் முதல் ஒன்றரை ஜிபி ஜோராகப் போய், பிறகு வேகம் சரிகிறது என்றால், டிஸ்க்கின் உண்மையான வேகத்தை அப்போதுதான் பார்க்கிறீர்கள்.

நல்ல ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய ஃபைலை நொடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் எழுதும். பிறகு ஏன் 30-க்கும் 20-க்கும் விழுகிறது? டிஸ்க்கில் எழுதும் முனை அகலமானது, படிக்கும் முனை ஒடுங்கியது. படிக்க ஒரு கீற்று தெரிந்தால் போதுமே என்று, ஓட்டுக் கூரை வேய்வது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடத்தைக் கொஞ்சம் ஏற்றி எழுதுவார்கள். இதற்கு எஸ்.எம்.ஆர். என்று பெயர். அதே தட்டில் அதிக இடம் கிடைக்கும், அபாரமான யோசனை. ஆனால் நடுவில் ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுதியாக வேண்டும். டிஸ்க் இதை மறைக்க, புதிதாக வருவதை ஓர் ஓரத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் அடுக்குகிறது. அந்த ஓரமும் நிறைந்துவிட்டால் வேகம் படுத்துவிடும். 2020 ஏப்ரலில், சர்வருக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் இந்த வகை என்று வெளியே தெரிந்து பெரிய சர்ச்சை ஆனது. வாங்குபவரிடம் இதைச் சொல்லாமல் விற்றது தவறுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சர்வருக்கு டிஸ்க் வாங்கும்போது, தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். வகையா என்று மாடல் எண்ணை வைத்துச் சரிபார்த்து வாங்குங்கள்.

கம்பியும் டிஸ்க்கும் நன்றாக இருந்தும், போட்டோ ஃபோல்டரை அனுப்பினால் மட்டும் வேகம் ஒன்று, இரண்டு மெகாபைட் என்று தவழ்கிறதா? எதுவும் கெடவில்லை! பெரும்பாலான வீட்டு சர்வர்களின் வாசலில் நிற்பது சாம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர், கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைக் கவனித்தே ஃபைல் பகிரும் கம்ப்யூட்டர்கள் பேசும் மொழியைக் கண்டுபிடித்து 1991-92 வாக்கில் எழுதத் தொடங்கிய மென்பொருள். எத்தனை சின்ன ஃபைலாக இருந்தாலும் சாம்பாவிடம் திற, எழுது, தேதி போடு, மூடு என்று தனித்தனியாகக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். அப்புறம் டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டில், வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரவே சராசரி 5.6 மில்லிவினாடி ஆகும். ஒரு ஃபைலுக்கு 20 மில்லிவினாடி என்றால் நொடிக்கு 50 ஃபைல். ஒவ்வொன்றும் 20 கிலோபைட் என்றால் மொத்தமே ஒரு மெகாபைட்! ஆயிரக்கணக்கான துணுக்குகளை ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்பிப் பாருங்கள், பச்சைக் கோடு ஜிவ்வென்று மேலே ஏறும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கும் வீட்டுக்குள் வயரிங் மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுவருக்குள் கேபிள் இழுத்து முடித்ததும், 'நெட் வருது சார்' என்ற பதிலோடு எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள். கேபிள் டெஸ்டர் சில நூறு ரூபாய்தான். இரண்டு முனையிலும் மாட்டி, எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைப் பார்த்துவிட்டு, அப்புறம் பூச்சு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.