ஒரே சிபியு, ரெண்டு பேர்: இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கும் முன் இதைப் படிங்க!



வீட்டில் ரெண்டு பிள்ளைங்க, ஒரே கம்ப்யூட்டர், தினமும் சண்டை. "இஎம்ஐ தானே, இன்னொண்ணு வாங்கிடலாம்"னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

லினக்ஸில் ஒரே சிபியுவை வைத்து ரெண்டு பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யலாம். ஆளுக்கொரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், லாகின். இதற்குப் பெயர் மல்டிசீட். உபுண்டு, ஃபெடோராவில் இந்த வசதி இலவசமாகவே இருக்கு.

கணக்கைப் பார்ப்போம். புது கம்ப்யூட்டர் 30,000 ரூபாய்னு வைங்க. 12 மாசம், மாசம் 2,500. மல்டிசீட்டுக்கு பழைய மானிட்டர் 3,000, கீபோர்டு மவுஸ் 800, பழைய கிராபிக்ஸ் கார்டு 2,000. மொத்தம் 5,800. மிச்சம் 24,200! உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க.

காசு கொடுக்கும் முன் மூணு விஷயம் பாருங்க:

1. ஒரு சீட்டுக்கு ஆன்போர்டு கிராபிக்ஸ், இன்னொன்றுக்கு கார்டு. இன்டெல் பிராசஸர் மாடல் எண் 'எஃப்' என்று முடிந்தால் ஆன்போர்டு கிராபிக்ஸ் கிடையாது.

2. கார்டு போட்டதும் சில மதர்போர்டுகள் ஆன்போர்டை அணைச்சிடும். பயாஸில் ஆன் பண்ணணும்.

3. ரேம் குறைந்தது 8 ஜிபி.

பாதகமும் உண்டு. சிபியு ரிப்பேரானா ரெண்டு பேருக்கும் லீவுதான். படிப்புக்கு விண்டோஸ் மென்பொருள்தான் வேணும்னா இது சரிவராது. அதனால முதல்ல பென்டிரைவில் லினக்ஸை ஓட்டி, பிள்ளைங்களை ஒரு வாரம் பழக விடுங்க. ஒத்து வந்தா மட்டும் செலவு பண்ணுங்க.

செட்டப் முழுசும் வீடியோவில் இருக்கு. பார்த்துட்டு சொல்லுங்க!