பட்டா ஏறாத மலையில் பாதை ஏறுமா?

ஆம்பூரில் தைத்த ஷூ ஐரோப்பா போய்ச் சேருகிறது. பக்கத்து அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலைக்கு 2023-இல் ஆம்புலன்ஸ் ஏற வழியிருக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம், பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, வண்டி பாதியில் இறக்கிவிட்டதால், தாய் கையில் சுமந்தே மலையேறினார். பாதை இல்லாததற்குப் பணம் ஒதுக்காததுதான் காரணம் என்பது பாதி உண்மை. அடியில் கிடப்பது நிலச் சிக்கல். கீழே நிலமென்றால் சர்வே எண், பட்டா, சிட்டா. மேலே, மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தார் அல்லர்) தலைமுறையாகச் சாமை விதைக்கும் மலையில் பெரும்பகுதி அரசு ஏட்டில் காடு. அங்கே தார் ஊற்ற வனத்துறை அனுமதி வேண்டும்.

ரோடு வந்தால் காடு அழியும் என்பார்கள். சந்தனமரம் கடத்தப்பட்ட மலைகளில் அது வீண் பயமல்ல. ஆனால் 2006 வன உரிமைச் சட்டமே அளவு வைத்திருக்கிறது: கிராமசபை பரிந்துரைத்தால், ஒரு பணிக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு அதிகபட்சம் 75 மரம் வெட்டலாம். நீண்ட சாலைக்கு இது போதாதுதான். அதற்காகக் கோப்பை மூடிவைக்க வேண்டியதில்லை. மக்களைக் கீழே குடியேற்றலாமே என்றால், கொல்லையும் புளியமரமும் உள்ள குடும்பம் அடிவாரத்தில் வாடகை வீட்டுக் கூலியாகிவிடும். பாதையோடு உரிமைப் பத்திரமும் ஏற வேண்டும். அதே சட்டம் 4 ஹெக்டேர் வரை தரும் உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. ரிசார்ட்காரர் வளைத்துப்போட இடமிருக்காது.