கல்லுக்கு அடியில் இருக்கும் சாட்சி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மூவாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது லெட்வில். ஊர்ப் பெயரிலேயே ஈயம் உண்டு. 1860-ல் இங்கே கலிஃபோர்னியா கல்ச் என்ற ஓடைப் பள்ளத்தில் தங்கம் கிடைத்தது. பிறகு வெள்ளி, ஈயம், துத்தநாகம் என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் மலையைக் குடைந்து தள்ளினார்கள்.

சுரங்கத்தை மூடிவிடலாம், அதில் ஊறும் தண்ணீரை நிறுத்த முடியாது. கந்தகம் கலந்த பாறையில் காற்றும் நீரும் பட்டால் அமிலம் உண்டாகும், அமிலம் உலோகத்தைக் கரைக்கும். இப்படிக் கரைந்த துத்தநாகமும் காட்மியமும் செம்பும் ஆர்கன்சாஸ் ஆற்றில் போய்க் கலந்தன. கட்டாயம் தூய்மைப்படுத்த வேண்டிய நச்சு இடங்களின் தேசியப் பட்டியலில் 1983-ல் இந்தப் பகுதி சேர்ந்தது.

ஆற்றுக்கு என்ன ஆனது என்பதை அறிய ஒரு கல்லைப் புரட்டினால் போதும். நல்ல ஓடையில், கல்லின் அடிப்பக்கத்தில் தட்டையான ஒரு பூச்சி அப்பிக்கொண்டிருக்கும். வயிற்றின் இரு பக்கமும் சின்ன இலைகள்போலச் செவுள்கள். பின்னால் நூல்போன்ற வால்கள். மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவம் அது. சிறகு முளைத்து வாழ்வது ஓரிரு நாள்தான். அதற்கு முன் ஏறக்குறைய ஓராண்டை அது தண்ணீருக்குள்ளேயே கழிக்கிறது.

உலோகம் இதை இரண்டு வழியாகத் தாக்குகிறது. செவுள் வழியே நுழைந்து, உடல் உப்புச்சத்தை உறிஞ்சுவதைக் கெடுப்பது ஒன்று. இன்னொன்று சாப்பாடு. இந்தப் பூச்சி கல்மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது. அந்தப் பாசியில்தான் உலோகம் சேர்ந்து கிடக்கிறது.

மேஃப்ளை மறைந்த இடம் காலியாகவே கிடப்பதில்லை என்பதுதான் ஏமாற்றுகிற விஷயம். கொசுவைப் போலிருந்தும் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் புழுக்கள் அங்கே பெருகிவிடும். தலையை மட்டும் எண்ணினால் ஓடை நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். எத்தனை பூச்சி என்பதைவிட எந்தப் பூச்சி என்பதே முக்கியம்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளெமென்ட்ஸ் 1980-களின் இறுதியிலிருந்து இந்த ஆற்றைத் தொடர்ந்து கவனித்து வந்தவர். ஆய்வகத்தில் நான்கு நாள் சோதனை செய்தால் நீர்ப்பூச்சிகள் மிக அதிக உலோகத்தையும் தாங்கிவிடுகின்றன. ஆற்றிலோ அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே காணாமல் போகின்றன. ஏன் இந்த முரண்? அவரும் குழுவினரும் கூழாங்கற்கள் நிரப்பிய தட்டுகளைச் சுத்தமான ஓடையில் சில வாரங்கள் வைத்தார்கள். பூச்சிகள் தாமாகக் குடியேறிய பிறகு, தட்டுகளைச் செயற்கை ஓடைக்கு மாற்றி உலோகத்தைக் கலந்தார்கள். ஆற்றில் கண்டதே அங்கும் தெரிந்தது. குறிப்பாக, உடல் இன்னும் சிறிதாக இருக்கும் பூச்சி எளிதில் அடிபடுகிறது. சோதனைக் குடுவைக்குப் போவதோ பெரும்பாலும் உடல் பெரிதான பூச்சி. அதை வைத்துப் பாதுகாப்பு அளவை முடிவு செய்தது பெரிய பிழை என்றே சொல்லவேண்டும்.

1992-ல் லெட்வில்லில் இரண்டு சுரங்க நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. ஆற்றில் துத்தநாகம் குறைந்தது. மேஃப்ளைகள் மெல்லத் திரும்பின. முன்பு மூன்று, நான்கு வயதைத் தாண்டுவதே அரிதாக இருந்த பழுப்பு ட்ரவுட் மீன்கள் அதற்கு மேலும் வாழத் தொடங்கின. 2014-ல் ஆற்றின் 102 மைல் நீளத்துக்குக் கொலராடோ அரசு 'தங்கப் பதக்க' மீன்நீர் என்ற தகுதியை அளித்தது.

பனி உருகும் காலத்தில் மலையிலிருந்து உலோகம் மொத்தமாக இறங்கும். இலையுதிர் காலத்தில் அதே நீர் தெளிந்திருக்கும். பாட்டிலில் பிடித்த தண்ணீர் அன்றைய நிலையை மட்டுமே சொல்லும், பூச்சி ஓராண்டின் கணக்கைச் சொல்லும். ஆறு சுத்தமாகிவிட்டது என்று யாராவது அறிக்கை நீட்டினால், கல்லுக்கு அடியில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.