ஈவ் ஆன்லைன்: கப்பல் கவசச் சமநிலையும் வழுத்திருத்தமும்

ஈவ் ஆன்லைன் என்பது ஐசுலாந்து நாட்டைச் சேர்ந்த சி.சி.பி. கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2003 மே 6 அன்று வெளியான இணையவழி விண்வெளி விளையாட்டு ஆகும். இதில் போரில் அழிந்த கப்பல் மீண்டும் கிடைக்காது. விளையாட்டினுள் உள்ள காப்பீடு இழப்பின் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்யும். ஆகவே கவசம் தொடர்பான ஓர் எண்ணை மாற்றினாலும், ஒரு வழுவைத் திருத்தாமல் விட்டாலும், அது ஆட்டக்காரர்கள் பல நாள் உழைத்துச் சேர்த்த உடைமையைப் பாதிக்கிறது.

மூன்று அடுக்குகள்

ஒவ்வொரு கப்பலுக்கும் கேடயம், கவசம், உடற்கூடு என மூன்று அடுக்குப் பாதுகாப்பு உண்டு. தாக்குதலின் சேதம் மின்காந்தம், வெப்பம், இயக்கம், வெடிப்பு என நான்கு வகைப்படும். பொதுவாகக் கேடயம் மின்காந்தத் தாக்குதலுக்கும், கவசம் வெடிப்புத் தாக்குதலுக்கும் எளிதில் இளகும். எதிரியின் பாதுகாப்பு எதைச் சார்ந்தது என்பதை அறிந்து குண்டுகளைத் தேர்ந்தெடுப்பது ஆட்டத்தின் முக்கிய உத்தியாகும்.

எந்த அடுக்கைப் பலப்படுத்தினாலும் அதற்கு ஒரு விலை உண்டு. கவசத் தகடு பொருத்தினால் கப்பலின் நிறை கூடி, அது மெதுவாகத் திரும்பும். கேடயத்தைப் பெருக்கினால் கப்பல் எதிரியின் குறிக்கு எளிதில் அகப்படும்.

எதிர்ப்புத்திறன் கணக்கு

பெரும்பாலான சாதாரணக் கப்பல்களின் கவசம் மின்காந்தச் சேதத்தில் 50% தடுக்கும். 1000 அலகு சேதம் வந்தால் 500 மட்டுமே உள்ளே செல்லும். இத்துடன் 55% தடுக்கும் கருவி ஒன்றைப் பொருத்தினால், அது மீதமுள்ள 500இல் 275ஐத் தடுக்கும். கவசம் பெறுவது 225 அலகு.

ஒரே வகைக் கருவிகளை அடுக்கிக்கொண்டே போனால் கப்பல் அழியாததாகிவிடும். இதைத் தவிர்க்க, இரண்டாவது கருவி தன் பலனில் ஏறத்தாழ 87%, மூன்றாவது 57%, நான்காவது 28% மட்டுமே தரும்படி விதி உள்ளது.

கப்பல்களை வீழ்த்துவது மிகக் கடினமாகிவிட்ட நிலையில், 2020 ஏப்ரலில் வந்த மாற்றத்தில் எதிர்ப்புத்திறன் கருவிகளின் பலன் 20% குறைக்கப்பட்டது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 55% என்பது 44% ஆகும். கவசம் பெறும் சேதம் 225இலிருந்து 280 ஆகும். கருவியில் குறைந்தது 11 புள்ளிகளே. கவசத்தின்மீது விழும் சேதமோ ஏறத்தாழ 24% கூடுகிறது. சமநிலைப்படுத்துவோர் எண்ணை மட்டும் பாராமல் அதன் விளைவையும் கணக்கிட வேண்டியது இதனால்தான்.

வழுக்கள்

சமநிலைக் குறைபாடும் வழுவும் ஒன்றல்ல. எழுதியபடியே இயங்கியும் ஒரு பொருள் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் அது சமநிலைக் குறைபாடு. எழுத நினைத்ததற்கு மாறாக நிரல் இயங்கினால் அது வழு.

2007 டிசம்பரில் வெளியான 'டிரினிட்டி' மேம்படுத்தலில், விளையாட்டின் பழைய கோப்பு ஒன்றை நீக்கும் கட்டளையில் பாதை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதே பெயருடைய விண்டோஸ் எக்ஸ்பி தொடக்கக் கோப்பு நீக்கப்பட்டு, சில ஆட்டக்காரர்களின் கணினிகளே மறுமுறை இயங்காமல் போயின.

2008 டிசம்பரில் வேறொரு வழு வெளிப்பட்டது. விண்வெளி நிலையங்களில் மூலப்பொருள் இல்லாமலே விலை மதிப்புள்ள பொருள்கள் உருவாயின. அதை அறிந்தவர் சிலர் தெரிவிக்காமல் பயன்படுத்தி வந்தனர். வழு திருத்தப்பட்டதுடன், அவர்களின் கணக்குகளும் முடக்கப்பட்டன.

சோதனை முறை

மாற்றங்கள் பல முதலில் 'சிங்குலாரிட்டி' என்னும் சோதனை வழங்கியில் வைக்கப்படுகின்றன. அங்கு இழக்கும் கப்பல் உண்மை ஆட்டத்தில் குறையாது என்பதால், ஆட்டக்காரர்கள் அஞ்சாமல் சோதித்து வழுக்களைத் தெரிவிக்கலாம். 2008 முதல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழுவும் நிறுவனத்திடம் கருத்துரைத்து வருகிறது. விதியை எழுதும் அதிகாரம் நிறுவனத்திடமே இருந்தாலும், அதன் விளைவைத் தாங்குவோர் முன்னதாகவே அறிந்து மறுமொழி கூற இவை வழிசெய்கின்றன.