மூச்சு வாங்கும் மேட்டுப் பாதை



உடப்புசல்லாவைப் பக்கம் வந்து போனவர்களுக்குத் தெரியும்; இங்கே சமதரை என்பது அபூர்வம். வாசலை விட்டு இறங்கினால் பள்ளம், திரும்பினால் மேடு. என் வகுப்புக்குச் சைக்கிளில் வரும் மாணவன் ஒருவன் தினமும் பிந்தியே வந்தான். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மறுநாள் அவனுடைய உம்மா வந்தார். "ஹஸரத், மூணு வளைவுல இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் வாறான். மூச்சு முட்டுதாம். நெஞ்சுல ஏதும் கோளாறோன்னு பயமா இருக்கு" என்று கண் கலங்கினார். விசாரியாமல் கண்டித்தது என் தவறு.

முதலில் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். இருதயத்தில் குறையில்லை, உடம்புக்குப் பழக்கம்தான் போதவில்லை என்று தெரிந்தது. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

சமதரையில் சைக்கிளைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. மேட்டிலோ நம் பாரமே எதிரி. 60 கிலோ பையனும் 15 கிலோ சைக்கிளும் 100 மீட்டர் உயரம் ஏறினால், 75 கிலோவை அவ்வளவு தூரம் தூக்கியதற்குச் சமம். ஆகவே தேவையற்ற புத்தகங்களைப் பையிலிருந்து எடுத்து வையுங்கள். உயரமும் ஒரு காரணம். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், கடல்மட்டத்தை விடக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிலிருந்து வருபவர்கள் சீக்கிரம் களைப்பது இதனால்தான்.

இதற்கு வழி, விட்டு விட்டுச் செய்யும் பயிற்சி. வேகமாகச் சிறிது நேரம், மெதுவாகச் சிறிது நேரம் என்று மாறி மாறிச் செய்வது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற செக்கோஸ்லோவாக்கிய ஓட்ட வீரர் எமில் சாடோபெக் இப்படித்தான் பயின்றார். 2007இல் நோர்வே ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வாரம் 3 நாள் வீதம் 8 வாரம் இவ்வாறு ஓடியவர்களின் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன், ஒரே சீராக ஓடியவர்களை விட அதிகம் உயர்ந்தது. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பப் பழகுவதே முக்கிய காரணம்.

செய்முறை எளிது. முதல் 10 நிமிடம் மெதுவாக ஓட்டி உடம்பைச் சூடாக்க வேண்டும். பிறகு வாகனம் குறைந்த ஏற்றத்தில் 1 நிமிடம் உழைத்து ஏறி, 2 நிமிடம் இளைப்பாற வேண்டும். இதை 4 தடவை செய்தால் போதும். ஏறும்போது ஓரிரு சொல்தான் பேச முடிய வேண்டும். அதுவே சரியான அளவு. சில வாரங்கள் கழித்து 4 நிமிடம் ஏற்றம், 3 நிமிடம் ஓய்வு என்று கூட்டலாம். வாரம் 2 நாள் போதும். இடையில் ஓய்வு நாள் அவசியம். கியர் இருந்தால் இலேசானதைப் போட்டுக் காலை விரைவாகச் சுழற்ற வேண்டும். இறங்கும்போது வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடிக்கச் சொல்லுங்கள். பனிமூட்டத்தில் லொறி கண்ணுக்குத் தெரியாது.

சகோதரிகளே, சைக்கிள் இல்லாவிட்டாலும் இது உங்களுக்கும் உதவும். மேட்டுப் பாதையில் 1 நிமிடம் விரைந்து நடந்து, 2 நிமிடம் மெதுவாக நடவுங்கள்.

ஆனால் நெஞ்சு வலி, மயக்கம், மூச்சில் விசில் சத்தம், தாறுமாறான படபடப்பு ஆகியவை இருந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தாலும், முதலில் டாக்டரைப் பாருங்கள். நோன்பு நேரத்தில் இப்பயிற்சி வேண்டாம். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம்; அதை வருத்துவது வீரமல்ல.

அந்த மாணவன் ஒன்பதாவது வாரத்தில் ஒரே ஒரு வளைவில்தான் இறங்கினான். எல்லோர் முன்னிலையிலும் கடிந்தவன், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் பிள்ளை பிந்தி வந்தால், ஏசுவதற்கு முன் அவன் வந்த பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள்.