ஒயின் ஊத்தின மாம்பழம் ஏன் உறைய மாட்டேங்குது?

வ. புதுப்பட்டியிலிருந்து ஒருத்தர் கேட்டிருக்காங்க: "தோப்பு மாம்பழத்தைக் கூழாக்கி, பாதிக்குப் பாதி ஒயின் ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சேன். விடிஞ்சும் கஞ்சி மாதிரியே இருக்கு. ஃப்ரிட்ஜ் போயிடுச்சா?"

ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்கும். அந்தப் பாதிக்குப் பாதிதான் சிக்கல்.

சுத்தமான தண்ணி 0 டிகிரியில உறையும். அதுல எதைக் கரைச்சாலும் இன்னும் கீழ போனாத்தான் உறையும். சர்க்கரையும் இந்த வேலையைச் செய்யும். ஆனா எடைக்கு எடை பார்த்தா ஆல்கஹால் சுமார் 7 மடங்கு அதிகமா செய்யும். அதோட மூலக்கூறு அவ்வளவு சின்னது. ஒரு கிராமுக்குள்ள எக்கச்சக்கமா அடங்கிடும். 12 சதவீத ஒயின் மைனஸ் 5 டிகிரிகிட்டதான் உறையவே ஆரம்பிக்கும். பழத்தோட சர்க்கரையும் சேர்ந்தா இன்னும் கீழ. மே மாசக் கரண்ட் கட்டுல எந்த ஃப்ரீசர்தான் தாங்கும்?

அதனால அரை கிலோ கூழுக்கு 100 மில்லி ஒயிட் ஒயின் போதும். ராஜபாளையம் பக்கத்துச் சப்பட்டை கிடைச்சா ரொம்ப நல்லது. நார் இருந்தா வடிகட்டிடுங்க. 4 ஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீர்ல கரைச்சு, ஆறினதும் ஊத்துங்க, அரை எலுமிச்சம்பழம் பிழியுங்க. நாக்குல வெச்சா கொஞ்சம் தித்திப்பு தூக்கலா இருக்கணும். குளிர்ல இனிப்பு அமுங்கிடும்.

மெஷின் வேண்டாம். அகலமான எவர்சில்வர் தட்டுல மெல்லிசா ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க. ஓரம் உறைய ஆரம்பிச்சதும் முள்கரண்டியால சுரண்டுங்க, அப்புறம் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாலு மணி நேரத்துல பொலபொலன்னு வரும். சிசிலியில கிரானிட்டாவும் இப்படிப் பாளம் கட்டவிடாம உறைய வைக்கிறதுதான். (ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மேல தூவலாமான்னு கேட்காதீங்க. அதைத் தனியா சாப்பிடுங்க.)

ஒண்ணு முக்கியம். உறைஞ்சா ஆல்கஹால் போயிடும்னு நிறைய பேர் நம்புறாங்க. போகாது. ஊத்தின அளவு அப்படியே இருக்கும், குளிர்ல வாசனை மட்டும்தான் குறையும். குழந்தைங்க ஐஸ்னு நினைச்சு கிண்ணத்தோட தூக்கிட்டுப் போயிடுவாங்க. தனி டப்பா, மேல பேர் எழுதின ஸ்டிக்கர். சாப்பிடற பெரியவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க. வண்டி எடுக்கிறவங்க, மாத்திரை போடுறவங்க இருப்பாங்க. மத்தவங்களுக்கு ஒயினுக்குப் பதிலா கம்பம் பன்னீர் திராட்சைச் சாறு. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பழம், மணம் தூக்கும்.

ஏற்கெனவே கஞ்சியா இருக்கிறதைக் கொட்டாதீங்க. அதுல ஒரு டம்ளர் எடுத்து, ரெண்டு டம்ளர் ஒயின் இல்லாத கூழ் கலந்து மறுபடி ஃப்ரீசர்ல வைங்க. உறைஞ்சிடும்.