இற்செறிப்பும் தோழியும்: மலேசியத் தமிழ் இளம்பெண்களின் வாழ்வும் இலக்கியமும்

முன்னுரை

இளமைப் பருவம் இருபாலார்க்கும் சோதனைகள் நிறைந்ததே. எனினும், வளரும் ஆணுக்கு உலகம் விரிவடையும் அதே வயதில் வளரும் பெண்ணுக்கு அது சுருங்கத் தொடங்குகிறது. இந்நிலையைக் குறிக்கத் தமிழ் அகமரபு தனிச்சொல்லே வைத்துள்ளது. ‘இற்செறிப்பு’ என்பதே அச்சொல். மலேசியத் தமிழ் இளம்பெண்கள் வாழ்வில் எதிர்கொண்ட தடைகளையும், அவற்றை இலக்கியம் காட்டிய முறையையும் இக்கருத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வகுப்பறையில் இலக்கியம் பயிற்றும் ஆசிரியர்க்கு இதனால் விளையும் பயனையும் இறுதியில் சுட்டுவோம்.

அகமரபில் இற்செறிப்பு

குறிஞ்சித் திணைப் பாடல்களில் தலைவி தினைப்புனம் காக்கச் செல்கிறாள். கிளி ஓப்பும் அப்பணி அவளுக்கு வெளியுலகைத் திறந்துவிடுகிறது. தினை முற்றிக் கதிர் கொய்யும் காலம் வந்ததும் அவள் வீடு திரும்ப வேண்டியவளாகிறாள். மகளின் மேனி வேறுபாட்டைக் கண்டு ஐயுற்ற தாயும் அவளை வெளியே செல்லவிடாது காக்கிறாள். ஊரார் பேசும் ‘அலர்’ இக்காவலை மேலும் இறுக்குகிறது.

இங்கு இரண்டு செய்திகளை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, செறிக்கப்பட்ட பெண்ணுக்கு அகப்பாடல் வாய்ப்பூட்டுப் போடவில்லை என்பது. அவள் பேசுகிறாள், அவள் உள்ளமே பாடலாகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் சங்க இலக்கியத்துக்குப் பங்களித்துள்ளமையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இரண்டாவது, அவளுக்குத் தோழி ஒருத்தி இருக்கிறாள் என்பது. ‘அறத்தொடு நிற்றல்’ என்னும் துறையில் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உண்மையை முறையாக உணர்த்துகின்றனர். தனியொருத்தியின் துன்பம் படிப்படியாகக் குடும்பத்தின் செவிக்கு எட்டும் வழி அது. அகமாந்தரின் பெயரைச் சுட்டலாகாது என்னும் விதியும் உண்டு. அலர் ஒருத்தியின் பெயரைத் தெருவுக்கு இழுக்க, பாடலோ அப்பெயரைக் காத்துநிற்கிறது.

தோட்டப்புறத்தில் இற்செறிப்பு

மலாயாத் தோட்டப்புறங்களில் பெண்கள் ஆண்களுக்கு நிகராகப் பால்மரம் வெட்டினர். விடியுமுன் தாயும் தந்தையும் பெரட்டுக்குச் சென்றுவிட, ஆயாக்கொட்டகைக்கு அனுப்பப்படாத தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பு மூத்த மகளின் தலையில் விழுந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. இதனால் தோட்டத்துச் சிறுமிக்கும் தொடக்கக்கல்வி எட்டும் தொலைவில் வந்தது. ஆனால், அடுத்த படி அத்துணை எளிதாக இல்லை.

தமிழ்ப்பள்ளி ஆறாண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியோ பெரும்பாலும் பட்டணத்தில் இருந்தது, பயிற்றுமொழியும் வேறு. மொழித்தேர்ச்சி போதாத மாணவர் முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில வேண்டியிருந்தது. பெண்பிள்ளை பூப்பெய்தும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் இவையனைத்தும் ஒருங்கே வந்து சேர்ந்தன. தொலைவு, பேருந்துச் செலவு, கூடுதலாக ஓராண்டு, லயத்து வீடுகளின் மெல்லிய சுவர்களைத் தாண்டிப் பரவும் ஊர்ப்பேச்சு ஆகியவற்றை எண்ணிய பெற்றோர், “படித்தது போதும்” என்று முடிவு செய்வது எளிதாயிற்று. மகள்மீது அன்பில்லாமையால் எடுத்த முடிவன்று அது, அச்சத்தால் எடுத்தது. தினைப்புனத்துத் தலைவியின் தாய்க்கும் இருந்தது அதே அச்சமே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பள்ளியை இழந்த தோட்டத்துச் சிறுமி பாடத்தை மட்டும் இழக்கவில்லை, தோழியையும் இழந்தாள். தன் மனத்தில் உள்ளதைச் சொல்லவும், அதனைப் பெரியோரிடம் கொண்டுசேர்க்கவும் வல்ல ஒருத்தி அவள் அருகில் இல்லாமற்போனாள். நாம் அறிந்தவரை, அவள் பட்ட துன்பங்களுள் பெரிதும் பேசப்படாதது இதுவே.

அடுத்து நிகழ்ந்த மாற்றங்களைச் சுருக்கமாகக் காண்போம். 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கப்பட்ட பின்னர், மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களைப் பெருமளவில் வேலைக்கு அமர்த்தின. சம்பளம் கையில் வந்தது. இரவுப்பணியும் தொழிற்சாலைப் பேருந்தும் அலருக்குப் புதிய பொருளாயின. மலாய்ப் பெண்களும் ‘மினா காரான்’ என்னும் பழிச்சொல்லால் இவ்வாறே தூற்றப்பட்டனர். ஆதலால், இதனைத் தமிழர்க்கு மட்டுமே உரிய குறை எனல் பொருந்தாது. 1982இல் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தம், முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்திற்குக் குறைந்த வயதாகப் பதினெட்டை வரையறுத்தது. பதினாறு வயது நிறைந்த பெண்ணுக்குச் சிறப்பு உரிமத்தின்பேரில் விலக்கும் அளித்தது. விலக்குப் பெண்ணுக்கே உரியதாக இருந்தமை சிந்தனைக்குரியது.

இலக்கியம் காட்டிய முகம்

மலேசிய இந்தியர் வாழ்வைச் சித்திரிக்கும் புனைகதைகளில் கல்வியால் உயரும் இளைஞனின் பயணம் நன்கு பதிவாகியுள்ளது. கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ நாவலின் ரவி, தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப்பள்ளிக்குச் சென்று, படித்தவனாகித் தன்னவரிடமிருந்தே அந்நியப்படுகிறான். ரெ. கார்த்திகேசுவின் ‘காதலினால் அல்ல’ பல்கலைக்கழக வளாகத்து இளையோரின் உலகைக் களமாகக் கொள்கிறது. இத்தகைய படைப்புகளில் பயணம் செய்பவன் பெரும்பாலும் ஆண். அவன் விட்டுச்சென்ற வீட்டில் தங்கியவள், அல்லது அவன் அடையும் இடத்தில் காத்திருப்பவள் பெண். அவளுடைய சொந்தப் பயணத்தை அதே முழுமையோடு காண்பது அரிது.

சிறுகதைகளிலோ இளம்பெண் அடிக்கடி வருகிறாள். ஆனால், பல கதைகள் அவளுக்கு இரண்டு முடிவுகளையே வைத்துள்ளன. ஒன்று, ஏமாற்றப்பட்டு அழிவது. மற்றொன்று, பொறுமையால் குடும்பத்தைத் தாங்கிப் போற்றப்படுவது. முன்னது எச்சரிக்கை, பின்னது அறிவுரை. இரண்டிலும் அவளைப் பற்றிப் பிறரே பேசுகின்றனர். தொழில்நுட்பம் பயில விரும்பியவள், கணக்கில் தேறியவள், வீட்டில் நேரும் கொடுமையை யாரிடம் சொல்வதென்று அறியாதவள் ஆகியோர் கதையின் நடுவே வருவது குறைவு. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி, 1980களில் தொடங்கி மாணவர்க்கும் எழுத வாய்ப்பளித்து வந்துள்ளது. இளையோர் தம்மைத் தாமே எழுதிக்கொள்ள இத்தகைய களங்கள் இன்றியமையாதவை.

ஆசிரியர் செய்யத்தக்கவை

இன்று பெண்கள் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிட மிகுதியாகப் பயில்கின்றனர். எனவே, இற்செறிப்பு மறைந்துவிட்டது என்று கருதத் தோன்றும். ஆனால், அலர் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துள்ளது. ஒரு படமும் ஒரு வரியும் ஒரே இரவில் வகுப்பு முழுவதும் பரவுகின்றன. அதற்கு அஞ்சி, வீட்டில் இருந்துகொண்டே மாணவி தன்னைத் தானே செறித்துக்கொள்கிறாள். ஊரில் எழுந்த அலர் காலப்போக்கில் ஓய்ந்தது. பதிவாகிவிட்ட அலர் எளிதில் ஓய்வதில்லை.

இந்நிலையில், எப்பாடத்தைப் பயிற்றினும் மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்கலாம். இப்பெண் தன் குரலில் பேசுகிறாளா? அவளுக்குத் தோழி யார்? அவள் சொன்னதைக் கேட்டவர் அடுத்து என்ன செய்தார்? இவ்வினாக்கள் அகப்பாடலுக்கும் தற்காலச் சிறுகதைக்கும் ஒருங்கே பொருந்தும். மாணவரும் மாணவியரும் சேர்ந்து விடை தேடும்போது, அலர் தூற்றுவோன் ஒருவனும் தன் பங்கை உணரக்கூடும்.

மூன்றாம் வினா ஆசிரியரையே நோக்கித் திரும்புவது. இலக்கிய வகுப்பில் மனம் திறக்கும் மாணவிக்கு ஆசிரியரே செவிலியின் நிலையில் நிற்கிறார். கேட்டதைத் தம்முள் வைத்துக்கொள்ளும் உரிமை செவிலிக்கு இல்லை. சிறார்க்கெதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பதையே குற்றமாக்கியுள்ளது. பழிக்கு அஞ்சி அமைதி காப்பது இனி அறமும் அன்று, சட்டமும் அன்று. அதே வேளையில், மாணவியின் பெயர் தேவையற்றோர் நாவில் படாமல் காப்பதும் ஆசிரியரின் கடனாகும். அகமரபின் பெயர் சுட்டாமை இங்கே நமக்கு நல்ல வழிகாட்டி.

முடிவுரை

பண்டை அகமரபு பெண்ணை வீட்டிற்குள் வைத்தது என்று மட்டும் கூறி நிறுத்துவது அதற்கு நீதி செய்வதாகாது. அவளுக்குக் குரலையும் தோழியையும் தந்தது என்று மட்டும் புகழ்வதும் முழு உண்மையாகாது. அங்குத் தோழியின் முயற்சி திருமணத்தில் முடிந்தது. இன்றைய மாணவிக்கு அது கல்வியிலோ, தொழிலிலோ, பாதுகாப்பிலோ முடிய வேண்டியிருக்கலாம். முடிவு எதுவாயினும், சொல்ல ஒருத்தியும் கேட்க ஒருவரும் இருத்தல் வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை. நம் படைப்பாளர்கள் அவளைப் பேசவிட்டு, நம் ஆசிரியர்கள் அவள் பேசுவதைக் கேட்பார்களாயின், இலக்கியக் கல்வி தன் பயனை எய்தியதாகக் கொள்ளலாம்.